86 சதவீதம் 67 ஆன கதை: ஒரு லேப்டாப் பேட்டரி கேலிபரேஷன்

அக்காவின் லேப்டாப் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எந்த நேரத்திலும் அணைந்துவிடும். எச்சரிக்கை வராது, தானாக ஹைபர்னேட் ஆகாது (திறந்திருப்பதையெல்லாம் சேமித்துவிட்டு அணைவது), திரை சட்டென்று கறுத்துவிடும். அக்கா பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுப்பவர். கரண்ட் கட் கொஞ்சம் நீண்டுவிட்டால் வகுப்பு பாதியில் நின்றுவிடும். வாங்கிய கடையில் கேட்டதற்கு, "முழுசா இறக்கிட்டு ராத்திரி பூரா சார்ஜ் போடுங்க, சரியாகிடும்" என்றார்களாம். அந்த யோசனையில் பாதி சரி. எந்தப் பாதி என்பதற்குத்தான் கேலிபரேஷன், அதாவது பேட்டரியின் சார்ஜ் கணக்கை நேர்செய்வது, பற்றிய இந்தப் பதிவு.

மெஷின் தின்க்பேட் டி490. 2019 மாடல், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை ரீஃபர்பிஷ்டாக வாங்கியது. பேட்டரி உள்ளேயே இருக்கும், கழற்றி மாட்டுகிற வகை அல்ல. கொள்ளளவு 50 வாட் ஹவர். மூன்று செல் தொடராக இணைத்தது. மூன்று என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வோல்டேஜை வகுக்க வேண்டியிருக்கும்.

விண்டோஸில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி ரிப்போர்ட். கட்டளைச் சாளரத்தைத் திறந்து பவர்-சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்ற சொல்லைச் சேர்த்து (powercfg /batteryreport) அடித்தால் பிரவுசரில் திறக்கும் கோப்பு ஒன்று வரும். டிசைன் கெப்பாசிட்டி என்பது ஃபேக்டரியிலிருந்து வந்தபோது இருந்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்றைக்கு முழுதாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கும் என்று பேட்டரி நினைத்துக்கொண்டிருப்பது. 'நினைத்துக்கொண்டிருப்பது' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அக்காவின் பேட்டரி நினைத்துக்கொண்டிருந்தது 43.1 வாட் ஹவர். அதாவது 86 சதவீதம். சைக்கிள், அதாவது முழு அளவு ஏற்றி இறக்கிய எண்ணிக்கை, 418.

86 சதவீதம் நல்ல எண். அப்படிப்பட்ட பேட்டரி 28-இல் அணையக் கூடாது. அதே ரிப்போர்ட்டில் இன்னும் கீழே போனால் கொள்ளளவு வரலாறு என்று வாரவாரியாக ஒரு பட்டியல் இருக்கும். யாரும் அவ்வளவு தூரம் இறங்கிப் பார்ப்பதில்லை. எனக்கு விஷயம் பிடிபட்டது அங்கேதான். மாதக்கணக்கில் ஒரே 43.1. ஓர் எண்கூட மாறவில்லை. உயிரோடு இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு வாரத்துக்கு வாரம் கொஞ்சமாவது ஏறி இறங்கும். மொத்தத்தில் மெல்ல இறங்கும். அசையாமல் நிற்கிற எண் அளந்த எண் அல்ல, பழைய எண். பேட்டரி தேய்ந்துகொண்டே போயிருக்கிறது, கணக்கு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

கணக்குப்பிள்ளை சிப்

லேப்டாப் பேட்டரிக்குள் செல்களோடு ஒரு சிறு சர்க்யூட் போர்டும் இருக்கும். அதில் ஃப்யூயல் கேஜ் என்ற சிப். நாம் பார்க்கும் சதவீதம் விண்டோஸ் கண்டுபிடித்தது அல்ல, இந்த சிப் சொல்வது. சிப்பும் லேப்டாப்பும் பேசிக்கொள்ளும் முறைக்கு ஸ்மார்ட் பேட்டரி என்ற தரநிலை உண்டு, அதன் 1.1 பதிப்பு 1998-இல் வந்தது. தன் கணக்கு எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்று பேட்டரியே சொல்வதற்கு அதில் 'அதிகபட்சப் பிழை' என்று ஓர் இடம்கூட ஒதுக்கியிருக்கிறார்கள். நம் திரையில் அதை யாரும் காட்டுவதில்லை.

வோல்டேஜை வைத்தே சதவீதம் சொல்லிவிடலாமே என்று தோன்றும். லித்தியம் செல்லில் அது அவ்வளவு எளிதல்ல. முழுதாக ஏறியபோதும் காலியாகப் போகிறபோதும் வோல்டேஜ் செங்குத்தாக மாறும். நடுவில் 70-லிருந்து 30 வரை கிட்டத்தட்டத் தட்டையாகப் போகும். மூன்று செல்லுக்கும் சேர்த்து அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் இறங்கினால் பெரிது. லோடு ஏறினாலே அந்த அளவுக்கு வோல்டேஜ் ஆடும். அதனால் சிப், உள்ளே வரும் கரண்ட்டையும் வெளியே போகும் கரண்ட்டையும் எண்ணிக் கூட்டிக் கழிக்கிறது. பாதையில் சில மில்லி ஓம் மட்டுமே உள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அதன் இரு முனைக்கும் இடையில் எழும் துளி வோல்டேஜ்தான் அளவுகோல். 10 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், அக்கா வகுப்பெடுக்கும்போது ஓடும் 1.2 ஆம்பியருக்கு 12 மில்லிவோல்ட். இதில் 10 மைக்ரோவோல்ட் பிசகினால் 1 மில்லியாம்பியர் தப்பு. ஒரு நாளைக்கு 24 மில்லியாம்பியர் ஹவர். சிப் தன்னைத்தானே ஓரளவு திருத்திக்கொள்ளும் என்றாலும், செல் உள்ளுக்குள் தானாக இழக்கிற சார்ஜ் அந்த ரெசிஸ்டர் வழியாகப் போவதே இல்லை. அதை ஊகித்துத்தான் கழிக்க வேண்டும்.

இந்தப் பிசகையெல்லாம் நேர்செய்ய சிப்புக்கு இரண்டு மைல்கல் வேண்டும். ஒன்று உண்மையான நிறைவு, இன்னொன்று உண்மையான காலி. இரண்டையும் தொட்டுவந்தால், நடுவில் எவ்வளவு ஓடியது என்று பார்த்து மொத்தக் கொள்ளளவைப் புதிதாக எழுதிக்கொள்ளும். டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் இம்பிடன்ஸ் டிராக் போன்ற முறைகளில் முழுக் காலி வரை போக வேண்டியதில்லை. நல்ல இடைவெளியுள்ள இரண்டு இடங்களில் பேட்டரி லோடு இல்லாமல் ஓய்ந்திருந்து வோல்டேஜ் நிலைப்பட்டால் போதும். ஆனால் அந்த ஓய்வு அதற்குக் கிடைத்தாக வேண்டும்.

அக்காவின் லேப்டாப்புக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. பேட்டரி நீடிக்க வேண்டும் என்று 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வைத்துக்கொடுத்தது நான்தான், அது இன்றைக்கும் சரியான அமைப்புதான். எப்போதும் சார்ஜரில் இருக்கும், 80-லிருந்து 75 வரும், மறுபடி 80 ஏறும். செல்லுக்கு நல்லது. சிப்புக்கு மட்டும் வருடக்கணக்கில் ஒரு மைல்கல்லும் கண்ணில் படாது. பேட்டரியைக் காப்பாற்றும் பழக்கமே அதன் கணக்கைக் கெடுக்கிறது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. 80 சதவீத வசதியைப் பெருமையாக விளம்பரம் செய்கிற நிறுவனங்களும் கொட்டை எழுத்தில் சொல்வதில்லை.

கையும் களவுமாக

சந்தேகம் இருந்தால் போதாது, பார்த்தாக வேண்டும். ஒரு பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி அதிலிருந்து பூட் செய்தேன். லினக்ஸில் பவர் சப்ளை கோப்புறைக்குள் பேட்டரிக்கென்று சின்னச் சின்னக் கோப்புகள் இருக்கும். வோல்டேஜுக்கு ஒன்று, இந்த நொடி எத்தனை வாட் போகிறது என்பதற்கு ஒன்று, சதவீதத்துக்கு ஒன்று. பத்து நொடிக்கு ஒருமுறை இவற்றைப் படித்து நேரத்தோடு பென்டிரைவில் எழுதுகிற நாலு வரி ஸ்கிரிப்ட் போதும். ஒவ்வொரு வரியும் எழுதியவுடன் டிஸ்க்குக்குத் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் அணையும் கணத்தில் கடைசி வரிகள், அதாவது நமக்கு வேண்டிய வரிகள், போய்விடும்.

80 சதவீதக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றி, சார்ஜரைப் பிடுங்கி, திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். சராசரி 7.5 வாட். பதிவிலிருந்து சில வரிகள்:

9.15 — 100 சதவீதம் — 12.88 வோல்ட்
11.15 — 65 சதவீதம் — 11.52 வோல்ட்
12.15 — 48 சதவீதம் — 11.21 வோல்ட்
1.00 — 35 சதவீதம் — 10.84 வோல்ட்
1.25 — 27 சதவீதம் — 10.27 வோல்ட்
1.36 — 24 சதவீதம் — 9.12 வோல்ட்

அதற்குப் பிறகு வரி இல்லை.

கடைசி மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். சதவீதம் நிதானமாகப் படியிறங்குகிறது, வோல்டேஜ் குதிக்கிறது. 9.12-ஐ மூன்றால் வகுத்தால் ஒரு செல்லுக்கு 3.04 வோல்ட். லித்தியம் செல்லுக்கு அது காலி. அதற்குக் கீழே இறக்கினால் செல் கெடும் என்பதால் பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும். காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு சிப் இன்னும் கால்வாசி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பழைய பைக்கில் பெட்ரோல் முள் கால் டேங்க்கில் மாட்டிக்கொண்டிருப்பது போலத்தான். வண்டி நிற்பது முள்ளின் குற்றத்தால் அல்ல, டேங்க்கில் ஒன்றும் இல்லாததால்.

விண்டோஸ் ஏன் எச்சரிக்கவில்லை என்பதும் இங்கே விளங்கிவிடும். 10-இல் எச்சரிக்கை, 5-இல் ஹைபர்னேட் என்பது விண்டோஸின் வழக்கமான அமைப்பு. 24-இல் செத்துப்போகிற பேட்டரியில் அந்த எண்கள் வரவே போவதில்லை.

வகுப்பு நேரத்தில் 30-லேயே அணைந்ததற்குக் காரணம் லோடு. தேய்ந்த பேட்டரியின் உள் தடை கூடிவிடும். பேட்டரி மொத்தத்துக்கும் 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7.5 வாட்டில் 0.13 வோல்ட்தான் இறங்கும். வீடியோ வகுப்பில் திரையைப் பகிரும்போது பிராசசர் ஒரு கணம் 35 வாட் இழுத்தால் மூன்று ஆம்பியருக்கு மேல் போகும், 0.6 வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும். விளிம்பில் நிற்கிற பேட்டரிக்கு அந்த ஓர் இழுப்பே போதும்.

செய்தது

டி490-இல் கேலிபரேஷன் செய்ய இரண்டு வழி. விண்டோஸில் லெனோவோ வான்டேஜ் செயலிக்குள் பேட்டரி கேஜ் ரீசெட் என்ற பொத்தான் இருக்கிறது. லினக்ஸில் டிஎல்பி என்ற கருவியின் ரீகேலிபரேட் கட்டளை. எனக்கு எண்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் இரண்டாவதை எடுத்தேன். இரண்டும் செய்வது ஒன்றுதான்: சார்ஜர் செருகியிருக்கும்போதே லேப்டாப்பை வலுக்கட்டாயமாக பேட்டரியில் ஓடவைத்து முழுதாக இறக்கி, பிறகு இடைவிடாமல் 100 வரை ஏற்றும். தின்க்பேடில் இப்படி இறக்குகிற வசதி லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே 5.17 பதிப்பு முதல் வந்துவிட்டது. அதற்கு முன் தனி மாட்யூல் தேடிப் போட வேண்டும்.

இந்த வழியில் பேட்டரி காலியாகும் கணத்தில் சார்ஜர் தாங்கிக்கொள்ளும், லேப்டாப் அணையாது, கோப்புகளுக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கணத்தில் கரண்ட் போனால் கதை முடிந்தது. அதனால் இன்வெர்ட்டர் லைன் வருகிற பிளக்கில் செருகினேன். இறக்க ஆரம்பிக்கும் முன் 100-இல் இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விட்டேன், செல் ஓய வேண்டும் என்பதற்காக. இறக்கும்போது லோடை ஏற்றவில்லை. சீக்கிரம் இறங்கட்டும் என்று கேம் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன உள் தடைக் கணக்குப்படி, அப்படிச் செய்தால் வோல்டேஜ் முன்கூட்டியே விழுந்து, செல்லில் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே சிப் காலி என்று எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

இந்த வசதிகள் இல்லாத லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குக் கைமுறை வழி உண்டு. 100 வரை ஏற்று, சார்ஜரிலேயே இரண்டு மணி நேரம் விடு, பிடுங்கு, அணையும் வரை ஓட்டு, அணைந்த நிலையில் நாலைந்து மணி நேரம் விடு, பிறகு ஒரே மூச்சில் 100 வரை ஏற்று. இதில் சிக்கல், விண்டோஸ் 5-இல் ஹைபர்னேட்டுக்குப் போய்விடும். அதற்கு நான் செய்வது: 10 சதவீதம் வந்ததும் எல்லாவற்றையும் மூடி, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வருகிற அமைப்புத் திரையான பயாஸ் செட்டப்புக்குள் போய் அப்படியே விட்டுவிடுவது. அங்கே ஹைபர்னேட் கிடையாது, திறந்திருக்கும் கோப்பும் கிடையாது. தானாக அணையும் வரை அந்த நீலத் திரையோ சாம்பல் திரையோ ஓடிக்கொண்டிருக்கும்.

மே மாதப் பகலில் இதைச் செய்யாதீர்கள். லித்தியம் செல்லை சார்ஜ் செய்ய 0 முதல் 45 டிகிரி வரைதான் கணக்கு. மதுரையில் கத்திரி வெயில் நாளில் மாடி அறையில் மத்தியானம் சார்ஜ் போட்டால், அறை வெப்பத்தோடு லேப்டாப்பின் சூடும் சேர்ந்து அந்த எல்லையைத் தொட்டுவிடும். இறக்குவது பகலில் இருக்கலாம், ஏற்றுவது ராத்திரியில் இருக்கட்டும்.

எண் ஒரே சுற்றில் சரியாகவில்லை. முதலில் 43.1 வாட் ஹவர் 37.2 ஆனது. சில சிப்கள் ஒரே தடவையில் பெரிய மாற்றத்தை நம்புவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கிவரும். மறுபடி செய்தபோது 33.4. அதற்கு மேல் இறங்கவில்லை. 50-க்கு 33.4 என்றால் 67 சதவீதம்.

இங்கேதான் அக்காவோடு வாக்குவாதம். போனில் எண்ணைச் சொன்னதும், "ஏன்டா, சரி பண்ணித் தர்றேன்னு வாங்கிட்டுப் போனே. 86 இருந்தது 67 ஆயிடுச்சே?" என்றார்.

"86 எப்பவுமே இல்லக்கா. அது சும்மா சொல்லிட்டிருந்துச்சு."

"அப்போ இதுவும் சும்மா சொல்லலைன்னு எப்படித் தெரியும்?"

கணக்கு டீச்சர் கேட்கிற கேள்வி. சிப் சொல்வதை வைத்தே சிப்பைச் சரிபார்க்க முடியாது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். டி490 யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆவது இந்த இடத்தில் வசதி. சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் செருகுகிற சின்ன மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. வோல்டேஜ், கரண்ட், மொத்தம் எத்தனை வாட் ஹவர் போனது எல்லாம் காட்டும். பேட்டரியை அணையும் வரை ஓட்டி, லேப்டாப்பை அணைத்த நிலையிலேயே 100 வரை ஏற்றினேன். மீட்டர் காட்டியது 38.1 வாட் ஹவர். போகிற வழியில் சார்ஜிங் சர்க்யூட்டில் சூடாகக் கொஞ்சம் வீணாகும், செல்லிலும் கொஞ்சம். எவ்வளவு வீணாகிறது என்ற சரியான கணக்கு தேவையே இல்லை. உள்ளே போனதே 38.1 என்றால் 43.1 உள்ளே இருக்க வழியே கிடையாது. 33.4 இருக்கலாம், பொருந்துகிறது. அக்கா ஒப்புக்கொண்டார்.

ஓடும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே வீடியோ, அதே வெளிச்சம், அதே 7.5 வாட். கேலிபரேஷனுக்கு முன்னால் நாலு மணி இருபது நிமிடம் ஓடியது. பின்னாலும் கிட்டத்தட்ட அதேதான், சில நிமிடம் முன்னே பின்னே. ஒரு வாட் ஹவர்கூட நமக்குக் கூடவில்லை. மாறியது இதுதான்: இப்போது 10-இல் எச்சரிக்கை வருகிறது, 5-இல் ஒழுங்காக ஹைபர்னேட் ஆகிறது, வகுப்பு நடுவில் கறுப்புத் திரை இல்லை. கேலிபரேட் செய்தால் பேட்டரி ஆயுள் கூடும் என்று எங்கேயாவது படித்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். தேய்ந்துபோன ரசாயனம் திரும்பி வராது.

இத்தனை செய்தும் 20, 25-இல் அணைகிறது என்றால், மூன்று செல்லில் ஒன்று மற்றவற்றைவிட நலிந்துவிட்டது என்று கொள்ளலாம். தொடர் இணைப்பில் பலவீனமான செல்தான் முடிவு செய்யும். அதற்கு மருந்து புது பேட்டரிதான். பேட்டரியைப் பிரித்து செல்லை மட்டும் மாற்றுகிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. செல்லைக் கழற்றியதும் சிப் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் பேட்டரிகளும் உண்டு, தீப்பிடிக்கும் வாய்ப்பு வேறு. நான் அந்த வேலைக்குப் போவதில்லை.

இனி எப்படி வைத்துக்கொள்வது

கேலிபரேஷனை மாதாமாதம் செய்யச் சொல்லும் குறிப்புகள் நிக்கல் காட்மியம் காலத்து மிச்சம். பாதியில் பாதியில் சார்ஜ் போட்டால் கொள்ளளவு குறைந்துபோகிற மெமரி எஃபெக்ட் என்று சொல்லத்தக்க தொல்லை லித்தியத்துக்கு இல்லை. 100-லிருந்து 0 வரை போய்வருவது செல்லுக்குத் தேய்மானம்தான். கடைக்காரர் சொன்னதில் தவறான பாதி இதுதான்: எப்போதாவது செய்ய வேண்டியதை அவர் வைத்தியம் போலச் சொல்லியிருக்கிறார். பேட்டரி ரிப்போர்ட்டில் எண் மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால், அல்லது சதவீதம் தாவினால் செய்யுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆப்பிள் தன் உள் பேட்டரி மேக்புக்குகளுக்கு 2009 வாக்கிலிருந்தே கேலிபரேஷன் தேவையில்லை என்று சொல்லிவருகிறது. முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போடுவது, ஃப்ரீசரில் வைப்பது ஆகியவற்றைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

80 சதவீதக் கட்டுப்பாட்டை மறுபடி போட்டுவிட்டேன். வான்டேஜில் 75-இல் தொடங்கு, 80-இல் நிறுத்து. கணக்கு கெடுகிறது என்பதற்காக இதை எடுத்துவிடக் கூடாது; கணக்கைத் திருத்தலாம், செல்லைத் திருத்த முடியாது. பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் பலரும் மேற்கோள் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது பற்றியது. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 96 சதவீதம் மிஞ்சுகிறது, 100 சதவீத சார்ஜோடு வைத்தால் 80. அதே 40 டிகிரியில் முறையே 85, 65. கடைசி எண்ணைப் பாருங்கள். நம் ஊர் கோடையில் முழு சார்ஜோடு செருகியே கிடக்கும் லேப்டாப்பின் உள்ளே அதுதான் நடக்கிறது. நிறைவும் வெப்பமும் சேர்ந்தால்தான் பெரிய அடி. சார்ஜ் சைக்கிளைப் பற்றிக் கவலைப்படுகிற நேரத்தில், லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் அதிகப் பலன் கிடைக்கும்.

மற்ற நிறுவன லேப்டாப்களிலும் இந்தக் கட்டுப்பாடு வெவ்வேறு பெயரில் இருக்கிறது. டெல்லில் பயாஸுக்குள் பேட்டரி சார்ஜ் அமைப்பில், ஆசூஸில் மைஆசூஸ் செயலியில். அமைப்புகளுக்குள் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு வந்தால் முந்தைய நாள் ராத்திரி 100-க்கு மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது; 80 சதவீதம் போதாது. பேட்டரி எப்படியும் அன்றைக்கு நன்றாக இறங்கும் என்பதால் சிப்புக்கும் ஒரு மைல்கல் கிடைக்கும். தனியாகக் கேலிபரேஷன் செய்ய வேண்டிய அவசியமே நிறைய வீடுகளில் இதனால் குறைந்துவிடும் என்பது என் கணிப்பு.

அடியைத் திறந்தும் பார்த்தேன், உப்பியிருக்கிறதா என்று. திறக்கும் முன் பயாஸில் பவர் பகுதிக்குப் போய் உள் பேட்டரியை முடக்கும் தேர்வைத் தட்ட வேண்டும். லேப்டாப் அணைந்துவிடும், மறுபடி சார்ஜர் செருகும் வரை உயிர் பெறாது. அப்புறம் ஸ்க்ரூக்களைத் தளர்த்தலாம். அடித்தகட்டு ஸ்க்ரூக்கள் கையோடு கழன்று வராது, தகட்டிலேயே நிற்கும், தொலையாது. பேட்டரி தட்டையாக இருந்தது, ஃபேனில் மட்டும் கம்பளி போல தூசி. திறக்காமலே பார்க்க வேண்டுமானால், கண்ணாடி மேசையில் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள், ஆடுகிறதா என்று. டச்பேட் அழுத்த முரண்டு பிடித்தாலும் மூடி சரியாக மூடாவிட்டாலும் பேட்டரி உப்பியிருக்கலாம். உப்பியிருந்தால் அதோடு சார்ஜை நிறுத்திவிட வேண்டும். கேலிபரேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

புதிது எப்போது வாங்குவது? அக்காவின் வகுப்பு ஒன்றரை மணி நேரம். வீடியோ வகுப்பில் சராசரி 14 வாட் போகிறது. 80 சதவீதத்திலிருந்து தொடங்கினால் இப்போது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். முழுக் கொள்ளளவு 27 வாட் ஹவருக்குக் கீழே போனால் ஒரு வகுப்பு தாங்காது, அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

வாங்கும்போது மாடல் பெயரைச் சொல்லிக் கேட்காமல், பழைய பேட்டரியின் லேபிளில் இருக்கும் பார்ட் நம்பரைச் சொல்லிக் கேட்க வேண்டும். தயாரித்த தேதியைப் பார்க்க வேண்டும். அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பேட்டரியும் தேய்ந்த பேட்டரிதான். மாட்டியதும் ரிப்போர்ட்டில் சைக்கிள் பூஜ்ஜியம் என்று இருப்பதை மட்டும் வைத்து மகிழ வேண்டாம், அது சிப்பில் எழுதிய எண், மாற்றி எழுத முடியும். அந்த யூஎஸ்பி-சி மீட்டரை மாட்டி காலியிலிருந்து நிறைவு வரை ஒருமுறை ஏற்றினால் போட்ட காசுக்குச் சரக்கு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். திருப்பித் தரும் தவணை முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். கழற்றிய பழையதை கனெக்டரில் டேப் சுற்றி, பேட்டரி எடுத்துக்கொள்ளும் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. பழைய இரும்புச் சாமான் வண்டியில் மட்டும் போடாதீர்கள். அங்கே எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டித்தான் பிரிப்பார்கள்.